துண்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை

மார்கழி 3, புதன்

பனி. எதிர்வீடு தெரியவில்லை. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். விரல் மரத்துப் போகிறது. ஆனாலும் எழுத்து நேற்றைவிட நேராக நிற்கிறது.

இன்று வீட்டில் உள்ள சாமான்களை எல்லாம் வாசித்தேன். தீப்பெட்டி, சிவகாசி. காலண்டர், அதுவும் சிவகாசி. பற்பொடி, சென்னை. ஊதுவத்தி, மைசூர். இத்தனை ஊர்க்காரர்கள் என்னோடு குடியிருக்கிறார்கள். வீட்டுக்காரி செத்துப் போன பிறகு தனியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் முதியோர் எழுத்து வகுப்பில் மேரி டீச்சரிடம் கேட்டேன். எதற்கு ஊர்ப்பெயர் போடுகிறார்கள்?

"அது சட்டமுங்க ஐயா. வாங்குறவங்களுக்கு எங்க செஞ்சதுன்னு தெரியோணும். கப்பல்ல வெளிநாடு போற சாமான்னா நாட்டுப் பேரே இருக்கோணும். இல்லீன்னா அங்க எறக்க உட மாட்டாங்க."

நல்ல சட்டம்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுப் பொன்னம்மா: "ஏனுங்க சிங்கப்பூர்க்காரரே, இந்த வயசுல கலெக்டராகப் போறீங்களா?" மகன் சிங்கப்பூரில் இருப்பதால் எனக்கு அந்தப் பெயர்.

அரிசி வாங்க வேண்டும். மண்ணெண்ணெய்.

மார்கழி 4, வியாழன்

பெட்டியைத் திறந்தேன். மகன் மாதேசன் அனுப்பிய துண்டுகள் ஆறு. போய் ஆறு வருடம், வருடத்துக்கு ஒன்று. ஜீப் ஓட்டும் ஆரோக்கியம்தான் கொண்டுவருவான். சேலத்தில் சிங்கப்பூர் ஆள் ஒருவர் கொடுத்ததாகச் சொல்வான். கடிதம் கிடையாது. எனக்குத்தான் அப்போது படிக்கத் தெரியாதே. "சௌக்கியமா இருக்கானுங்க" என்ற ஒரு சொல் மட்டும். தேய்ந்துவிடும் என்று ஒரு துண்டிலும் முகம் துடைத்ததில்லை.

ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்ன வெள்ளைப் பட்டை. அதில் இங்கிலீஷ். தமிழே இன்னும் முடியவில்லை. டீச்சரிடம் சிங்கப்பூர், இந்தியா இரண்டையும் இங்கிலீஷில் ஒரு சீட்டில் எழுதி வாங்கினேன். சிங்கப்பூர் பாம்பு மாதிரி தொடங்குகிறது.

துண்டில் பாம்பு இல்லை. ஒரு குச்சி. இரண்டு குச்சி, நடுவில் சாய்த்த பலகை. வயிறு வைத்த குச்சி. மறுபடி குச்சி. கடைசியில் கூரை.

இந்தியா. ஆறு துண்டிலும் இந்தியா.

சாப்பிடவில்லை.

மார்கழி 6, சனி

மழைத் தூறல். டீச்சரிடம் ஒரு துண்டைக் காட்டினேன். "இங்க நெய்யிற துண்டு சிங்கப்பூர்ல விக்கிறதுதானுங்களே? பட்டையில இருக்கறது செஞ்ச எடம். வாங்குன எடம் இல்லீங்க" என்றார். நெஞ்சு ஆறியது. பையன் பாவம், கப்பலில் போன துண்டைக் கப்பலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறான் என்று சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து மடித்து வைக்கும்போதுதான் பார்த்தேன். ஐந்து துண்டில் பட்டை மிஷின் தையல். ஆறாவதில் கைத்தையல். மூலையில் காது மாதிரி ஒரு நுனி விட்டு, நூலை மூன்று சுற்று சுற்றி, முடிச்சை உள்ளே இழுத்துவிட்ட தையல்.

அது என் தையல். எஸ்டேட் ஸ்டோரில் காப்பி மூட்டைக்கு வாய் தைத்த காலம் முழுக்க அப்படித்தான் தைத்தேன். மற்றவர்கள் இரண்டு சுற்று, முடிச்சு வெளியே. மூன்று சுற்று நான் மட்டும். என்னிடம் கற்றது மாதேசன் மட்டும்.

வாங்கின துண்டில்லை இது. அவன் கை பட்ட துண்டு. இங்கே செய்தது. அப்படியென்றால் அவனும் இங்கேதான்.

மார்கழி 9, செவ்வாய்

ஏற்காடு கடைவீதி. ஏரியே தெரியாத பனி. ஆரோக்கியம் டீ குடித்துக்கொண்டிருந்தான். துண்டை அவன் மடியில் வைத்தேன்.

"மாதேசன் எங்கடா?"

"சிங்கப்பூர்லதானுங்க மாமா."

"இந்த முடிச்சு யாரு போட்டது?"

டீயைக் கீழே வைத்தான். முடிச்சை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு:

"அவன்தானுங்க. கரூர்ல இருக்கான். பம்பாய் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போன ஏஜெண்டு ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டானுங்க. ஊரே மாலை போட்டு அனுப்புச்சே, எந்த மூஞ்சியோட வரதுன்னு கரூர் போயி துண்டுக் கம்பெனியில சேந்துக்கிட்டான். லேபிள் தைக்கிற வேலை. வெளிநாடு போறது துண்டுதானுங்க மாமா. அவன் போகல."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடா?"

"சத்தியம் வாங்கிட்டானுங்க. உங்களுக்கு எழுத்துத் தெரியாது, கண்டுபுடிக்க மாட்டீங்கன்னு சொன்னான்."

டீக்காசு அவனே கொடுத்தான். கடைசி பஸ்ஸில் வந்தேன்.

மார்கழி 10, புதன்

தூக்கமில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

கடலை நான் பார்த்ததே கிடையாது. ஆனாலும் ஆறு வருடமாக அதை வைதுகொண்டிருந்தேன், நடுவில் கிடக்கிறதே என்று. பாவம் கடல்.

கரூர். கீழே இறங்கினால் சேலம், அங்கிருந்து ஒரு பஸ். அவன் அம்மா சாகும்போது இந்தப் பஸ் தூரத்தில்தான் இருந்திருக்கிறான். அதை மட்டும் எழுத முடியவில்லை. நிறுத்துகிறேன்.

மார்கழி 13, சனி

வெயில்! கம்பளியைக் காயப் போட்டேன்.

போய் நின்றால் ஓடிவிடுவான். ஆரோக்கியம் சொல்கிறான், எனக்கும் அப்படித்தான் படுகிறது. கேட்டால் பொய் சொல்வான், பாவம். அதனால் கேட்கப் போவதில்லை.

கொல்லையில் பறித்த காப்பிக் கொட்டையை வறுத்து இடித்தேன். அரைப் படி தேறியது. துணிப்பை தைத்தேன், மூலைக்குக் காது, மூன்று சுற்று. சட்டப்படி பட்டை வைக்க வேண்டுமே. வேட்டி ஓரம் கிழித்து, ஊதா மையில் எழுதினேன்.

செய்த இடம் கொட்டச்சேடு. செய்தவர் அப்பா.

எங்கள் ஊர்ப்பெயரில் 'ட்ட', 'ச்சே' இரண்டும் படுத்தி எடுத்தன. இரண்டு துணி வீண். மூன்றாவது அழகு. கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை. பொன்னம்மாவிடம் காட்ட முடியாது, ஊருக்கே தெரிந்துவிடும். அடுப்புப் பக்கம் நிமிர்த்தி வைத்து நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியத்திடம் கொடுத்தாயிற்று. "என்ன சொல்லட்டுமுங்க?"

"ஒண்ணும் சொல்லாத. குடு."

மார்கழி 17, புதன்

பனி. ஜீப் வரவில்லை. அரிசி நாளைக்கு.

மார்கழி 18, வியாழன்

வரவில்லை. வகுப்புக்கும் போகவில்லை.

மார்கழி 20, சனி

ஆரோக்கியம் வந்தான். பையைத் திருப்பித் தந்தான், காலி. காப்பிப் பொடி இருந்த இடத்தில் ஒரு சீட்டு.

"படிக்கட்டுமுங்களா மாமா?"

"வேண்டாம். நான் படிக்கிறேன்."

விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. அவன் ஜீப்பில் சாய்ந்து நின்றான், அவசரப்படுத்தவில்லை.

அப்பா, பட்டையில எழுதினது நீங்களா? உங்களுக்கு எப்போ எழுத வந்துச்சு? ஊர் சிரிக்கும். ஆனாலும் பொங்கலுக்கு வரட்டுங்களா?

இரண்டாம் தடவை படித்தேன். கண்ணாடி நனைந்து எழுத்து கரைந்தது.

"மாமா, சேலம் டிரிப் இருக்குதுங்க. ஏதாச்சும் எழுதிக் குடுக்கறதுன்னா சுருக்கா குடுங்க."

"சுருக்காத்தான்டா."

சீட்டின் பின்பக்கம், பெரிதாக, ஒரே ஓர் எழுத்து.

வா.