தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரன் எழுதுவது

உன் அட்லஸை இன்று பிரித்தேன். அந்துருண்டை நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது உன் மனைவி கொடுத்தது. "இத்தையும் நீங்களே எடுத்துக்கினு போங்கண்ணா. அவருக்கு அப்புறம் இத்த யாரு பாக்கப் போறாங்க?" என்று கையில் திணித்துவிட்டார். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உன் தலைமடை நிலத்தில் இப்போது நான்தான் பயிர் வைக்கிறேன். சிரிக்காதே.

வடக்கே மலை இருக்கும் பக்கத்தில் உன் விரல் பட்டுப் பட்டே தாள் நைந்துபோயிருக்கிறது. டீக்கடை பெஞ்சில் இதை விரித்து வைத்துக்கொண்டு எத்தனை காலைகளைத் தின்றிருப்பாய்! சீனாக்காரன் ஏன் பனிமலையை விடமாட்டான், கடல் இல்லாத நாடு ஏன் பக்கத்து நாட்டுக்குக் கும்பிடு போடுகிறது, எல்லாவற்றுக்கும் உன்னிடம் பதில் இருந்தது.

"சண்டை போடறது ராஜாவும் மந்திரியும் இல்லடா. மேடும் பள்ளமும்தான் சண்டை போடுது. ஆறு எவன் மலையில பொறக்குதோ, அவன் பேச்சுதான் எடுபடும்."

"அப்போ ஒப்பந்தம்னு ஒண்ணு போடறாங்களே?"

"அது வெறும் காயிதம்பா. மேட்டுல நிக்கறவன் கையில மம்பட்டி இருக்குது."

நானும் பெரிய ஞானம் கிடைத்ததுபோல் தலையாட்டினேன். அதை நீ எனக்கே செய்து காட்டுவாய் என்று அப்போது தோன்றவில்லை, மடையனுக்கு.

அப்பாவை உனக்குத் தெரியாதா? நாற்பது வருடம் உங்கள் வயலில் நாற்று நட்டவர். தன் பேரில் ஒரு ஏக்கர் வந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அதுவும் வாய்க்காலின் கடைசி வயல். இருந்தால் என்ன? சொந்த மண்ணில் அவர் போட்ட முதல் பயிர் அது. காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய் வரப்பில் நிற்பார். நெல் பால் பிடிக்கும் நேரத்தில் ஏரி வற்றிவிட்டது. ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், இல்லாவிட்டால் பதர்.

ஏரியில் தண்ணீர் குறைந்தால் நம் வாய்க்காலில் ஆளுக்கொரு நாள் முறை. முறைக்காரன் மண்வெட்டியோடு தன் மடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முறை போயிற்று, தண்ணீர் தலைமடைக்குத் திரும்பிவிடும். எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை.

எங்கள் முறை வந்த அன்றைக்குத்தான் நீ பாலாற்றுக்காக கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஆர்ப்பாட்டம் வைத்தாய். மேலே இருக்கும் மாநிலம் தடுப்பணை கட்டுகிறது, கீழே நாம் சாகிறோம் என்று.

"நீ வராம எப்பிடிடா? கோஷம் போட உன் தொண்ட வேணும். உன் மடையில என் ஆளை நிக்க வெக்கறேன், போதுமா?"

அப்பாவுக்குக் காய்ச்சல். அப்படியும் "நானே போய் நிக்கறேம்பா" என்றுதான் சொன்னார். நான்தான் அதட்டி உட்கார வைத்தேன்.

"கடைமடைக்கும் பங்கு உண்டு! கீழிருப்பவனுக்கும் தாகம் உண்டு!" நீ எழுதிக் கொடுத்த கோஷம். தொண்டை கிழியக் கத்தினேன். மைக்கில் பேசும்போது நீ அழுதாய். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

சாயங்காலம் நேராக வயலுக்குப் போனேன். உன் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். என் மடையில் வைக்கோல் வைத்துக் களிமண்ணால் அடைத்திருந்தது. உன் ஆள் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "அய்யாதான் சொன்னாரு, முறைக்காரன் இல்லன்னா நமக்குத் திருப்பிக்கோன்னு."

உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். உன் அம்மா கிணற்றடியில், உங்கள் சமண வழக்கப்படி, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். துணியில் தங்கிய பூச்சி சாகக் கூடாதென்று அதைப் பக்குவமாகக் கிணற்றுக்கே திருப்பி விட்டார். நீ நிதானமாகக் கால் கழுவிக்கொண்டிருந்தாய்.

"முறைக்காரன் மடையில நிக்கணும்னு உனுக்குத் தெரியாதா? நீ ஏன்பா அங்க வந்த?"

"நீதானடா கூப்ட்ட!"

"கூப்ட்டா வந்துடுவியா? அது ரெண்டு ஸ்டேட்டு விவகாரம். இது நம்ம வாய்க்கா. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத."

மறுநாள் காய்ச்சலோடு அப்பாவே உன் வாசலுக்கு வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஒரு மணி நேரம் உடுங்க சின்ன நயினாரே" என்றார். அவரைவிட முப்பது வயது இளையவன் நீ. "ஒரு ஏக்கரு காஞ்சா ஒலகம் அழிஞ்சுடுமா கன்னியப்பா?" என்று கேட்டாய். பேர் சொல்லிக் கேட்டாய்.

பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டோம். அடுத்த நடவுக்கு அப்பா மறுபடியும் உங்கள் வயலுக்கே கூலிக்குப் போனார். ஏன் என்று கேட்டேன். "அங்கதான்பா தண்ணி இருக்குது" என்றார். சாகும்வரை தன் ஏக்கரில் கால் வைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து நான் மறுபடி உன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். வெட்கங்கெட்டவன் நான். உன் பாடையைத் தூக்கிய நால்வரில் ஒருவனும் நான்தான். நல்ல கனம் கனத்தாய்.

உனக்கு எழுத வந்த விஷயம் இதுதான். இந்த வருடமும் ஏரி பாதிதான். அப்பாவின் ஏக்கரில் என் தங்கை செல்வி பயிர் வைக்கிறாள். புருஷன் இல்லாதவள், அந்த நெல்தான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு. நேற்று அவள் முறை. ரேஷன் கடை வரிசையில் மாட்டிக்கொண்டு, வர நேரமாகிவிட்டது. அவள் மூச்சிரைக்க ஓடி வந்தபோது நான் அவள் மடையை அடைத்து முடித்திருந்தேன்.

"அண்ணா, பால் கட்டற நேரம்ணா. அரை நாளு உடுண்ணா."

"முறை போச்சும்மா."

"இது அப்பா நெலம்ணா."

தெரியாதா எனக்கு? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அவள் மடை ஓரமாகவே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவின் பயிரைக் காய விட்ட அன்று உன்னால் எப்படிச் சாப்பிட முடிந்தது, எப்படித் தூங்கினாய் என்று இத்தனை வருடமும் கேட்க நினைத்தேன். இனி கேட்க வேண்டியதில்லை. நேற்று வீட்டுக்கு வந்து இரண்டாம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கிப்போனேன்.