கறுவாவுக்கு ஆறு கிழமை

கொக்குவில்
14.09.2025

அன்பு மகள் ஹன்னாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், நோர்வேக் குளிருக்குள் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று சாப்பாட்டுக்கு முன் தினமும் ஜெபிக்கிறோம். இந்த வரியை இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறாள், விசயம் நிறைய இருப்பதால் நீட்டவில்லை. அருட்பிரகாசம் மாஸ்டர் வெள்ளிக்கிழமை ஒஸ்லோவுக்கு மகனிடம் போகிறார், அவரிடம் இந்தக் கடிதத்தோடு இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் வருகிறது. போன் இருக்க ஏன் கடிதமென்று கேட்பாய். போனில் இதைச் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், கடிதத்தை வெட்ட முடியாது, கடைசி வரைக்கும் வாசிக்கத்தான் வேண்டும். விசயம் கறுவாவைப் பற்றியது. பதறாதே, நாய் உயிரோடு இருக்கிறது, இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது.

மே மாதம் நீ கேட்டபோதெல்லாம் அவனைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அது பொய். எப்படி நடந்தது என்று முதலிலிருந்து எழுதுகிறேன். நீ போனபிறகு கறுவா வீட்டில் நிற்கவில்லை. றெயில் பாதைக்கு அங்கால் சீவரத்தினம் அண்ணை வீட்டில் வெள்ளைச்சி என்று ஒரு பெட்டை நாய் இருக்கிறது தெரியும்தானே, மணம் வந்தால் ஆறடி மதில் இவனுக்கு ஒரு படி. மாதத்தில் மூன்று தடவை தண்டவாளத்தில் வைத்துப் பிடித்து இழுத்து வந்தேன். விதையை எடுத்து நலமடித்துவிட்டால் தொல்லை முடிந்தது என்று சுன்னாகத்தில் புதிதாக மிருகக் கிளினிக் போட்டிருக்கும் யசிந்தா டொக்டரிடம் கொண்டு போனேன். அந்தப் பிள்ளைக்கு முப்பது வயது இருக்காது. நெஞ்சில் குழாயை வைத்து ஐந்து நிமிசம் கேட்டார், நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "அண்ணை, இவரின்ரை இருதயத்திலை ஒரு இரைச்சல் கேக்குது, மயக்க மருந்து குடுத்தா எழும்புவாரெண்டு நான் சொல்லமாட்டன். நான் வெட்டமாட்டன்" என்றார். வந்த வேலையைச் செய்யமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆளை எனக்குப் பிடிக்கும், ஆனால் அன்றைக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் நீ பங்குனியில் போனில் கேட்டது நினைவு வந்தது, கத்தி வைக்காமல் வேறு வழி இல்லையா அப்பா என்று. விசர்க்கதை கதையாதை என்று உன்னை அடக்கினேன். வழி இருக்கிறது மகள். நீ சொன்னது சரி.

டொக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். விதைக்குள்ளேயே ஊசி போட்டுக் கருக்கட்டாமல் பண்ணுகிற முறை ஒன்று இருக்கிறதாம், ஆனால் அதில் ஆண் சுரப்பு முழுதாக நிற்காது, குட்டி வராதே தவிர ஓடுகிறவன் ஓடலாம், எங்களுக்கு நிற்க வேண்டியது ஓட்டம். மற்றது சிப். நெல்மணியை விடக் கொஞ்சம் நீளம், தடித்த ஊசியால் இரண்டு தோளுக்கும் நடுவில் தோலுக்குக் கீழே வைப்பது, மயக்கம் தேவையில்லை, ஆறு மாதம் வேலை செய்யும், திரும்ப எடுக்கவும் தேவையில்லை. மூளையிலிருந்து விதைக்குப் போகிற கட்டளையை அது நிற்பாட்டுகிறது. பிறிட்ஜ் திருத்துகிற எனக்கு உடனே விளங்கிவிட்டது, கொம்பிறசரைக் கழற்றாமல் தேமோஸ்ராட்டில் கை வைக்கிற வேலை. கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மருந்தை டொக்டர் வைத்திருந்த பிறிட்ஜுக்குள் இரண்டு வெப்பமானி தொங்கியது, ஒன்று பழுதானால் மற்றது காட்டட்டும் என்று. இருபது வருசமாகக் குளிர் வேலை செய்கிறேன், இப்படி ஒரு பிறிட்ஜை வாடிக்கையாளர் ஒருவரிடமும் கண்டதில்லை. மே பன்னிரண்டாம் திகதி சிப் வைத்தார், கறுவா முனகக்கூட இல்லை. ஆறு கிழமை, அதாவது ஒண்டரை மாதம், கட்டி வையுங்கோ, முதல் இரண்டு மூன்று கிழமை முந்தியதை விட மோசமாகவும் இருப்பார் என்று டொக்டர் சொன்னதை அம்மா கேட்டாள். நான் அந்த நேரம் பிறிட்ஜின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் நீர்வேலியில் வாழைக்குலை பழுக்க வைக்கிற குளிர் அறை நின்றுபோய்விட்டதென்று அழைப்பு. சங்கிலியில் கறுவா கத்திய கத்தலில் எனக்குப் போன் கேட்கவில்லை, அவிழ்த்துவிட்டேன். அம்மா, "ஆறு கிழமை எண்டவா எல்லே, உங்களுக்கு என்ன செவிடே?" என்று கேட்டாள். அதெல்லாம் டொக்டர்மார் தங்களைக் காப்பாற்றச் சொல்லுறது, வைத்த சாமான் வைத்த நேரம் தொடக்கம் வேலை செய்யும் என்று சொல்லி, கேற்றையும் சாத்தாமல் போனேன். நீர்வேலியில் வேலை முடியமுதலே சீவரத்தினம் அண்ணை போன் எடுத்தார். "தம்பி ஜொனதன், உம்மடை மாப்பிள்ளை காலமை தொடக்கம் இஞ்சைதான் நிக்கிறார். சீதனம் என்னெண்டு பேசுவமே?" என்று சிரிக்கிறார். நான் மோட்டார் சைக்கிளில் பாதைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். அங்கால் கறுவா நிற்கிறான். சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் விசில் அடித்தேன். உன் அப்பா இருபது வயதில் உன்னைப் பெற்ற அவசரக்காரன் என்று அம்மா சொல்வாளே, அந்த ஆள்தான் அடித்தது. அடித்த பிறகுதான் கொழும்பு றெயில் வருகிறதைக் கண்டேன். அவன் என்னைக் கண்டதும் காதை மடித்துக்கொண்டு நேரே ஓடி வருகிறான், என்ரை விசிலுக்கு அவன் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. கத்தினேன், றெயில் கோர்ன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு பெட்டி பெட்டியாகப் போனது. நான் கல்லில் இருந்துவிட்டேன் ஹன்னா. உனக்கு என்ன சொல்லுவேன் என்பதுதான் மனதில் ஓடியது.

றெயில் போனபிறகு பார்த்தால் அங்கால் மீனாம்பிகை அக்கா, சீவரத்தினம் அண்ணையின் மனிசி, தண்டவாளத்திலிருந்து ஆறடி தள்ளி நிலத்தில் விழுந்து கிடக்கிறா, அவவின் இரண்டு கையும் கறுவாவின் கழுத்துப்பட்டியில். முழங்கையில் இரத்தம், சேலையெல்லாம் மண். அறுபத்திரண்டு வயது, நாய் என்றால் தொடாத மனிசி. ஓடிப்போய்த் தூக்கினேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அவ விடவில்லை. "விசிலடிக்க இதென்ன தேர்த் திருவிழாவே? படிச்ச மனிசன், றெயில் வாறது தெரியேல்லையே உமக்கு? உந்தப் பிராணி உம்மை நம்பியெல்லே ஓடி வருது!" என்று ஊருக்கே கேட்கப் பேசினா. நின்று கேட்டேன். யாரும் என்னைப் பேசி நான் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை என்று அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆனாலும் புத்தி வரவில்லை பார், அன்று பின்னேரமே சுன்னாகத்துக்குப் போய் உங்கடை சிப் பழுது என்று டொக்டரோடு சண்டைக்கு நின்றேன். அவர் கோபிக்கவில்லை. கை கழுவிக்கொண்டே, "அண்ணை, புது பிறிட்ஜ் ஒண்டை லொறியிலை கொண்டுபோய் இறக்கினா ஆக்களிட்டை என்ன சொல்லுவியள்?" என்று கேட்டார். நாலு மணித்தியாலம் நிமிர்த்தி வைச்சிட்டுத்தான் பிளக் போடச் சொல்லுவன், இல்லாட்டி கொம்பிறசர் பழுதாப்போம் என்றேன். "உடனை போட்டுப் பழுதாக்கிக்கொண்டு வாறவையை?" அவையை ஏசிப் பேசுவன் என்றேன். "அப்ப நான் இப்ப உங்களைப் பேசலாமோ?" என்றார். பிறகு கதிரையில் இருத்தி, சிப் முதலில் அந்தக் கட்டளையைக் கூட்டித்தான் பிறகு நிற்பாட்டும், அதுதான் மோசமாவது, சுரப்பு நின்றாலும் முன்னமே இருக்கிற விந்து தீர ஆறு கிழமைக்கு மேலும் போகலாம் என்று படம் கீறிக் காட்டினார். அந்தத் தாளிலேயே இனிச் செய்யவேண்டியதையெல்லாம் என் கையாலேயே திகதி போட்டு எழுதவும் வைத்தார். இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தர ஒரு ஆள் எங்கள் தொழிற்கல்லூரியில் இருந்திருந்தால் நான் இரண்டு தடவை சோதனை எழுதியிருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு எழுதியபடி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவுடன் பட்டறையிலிருக்கிற வேணியர் இடுக்கியால் விதையை அளப்பேன், அம்மா கோயில் சேலையோடு டோர்ச் பிடிப்பாள். சிரிக்காதே, சுருங்கினால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். முதல் மூன்று ஞாயிறும் அசைவில்லை, நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நாலாம் ஞாயிறு இரண்டு மில்லிமீற்றர் குறைந்தது. பத்தாம் ஞாயிறு மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. கத்தல் நின்றது, மதில் பாய்ச்சல் நின்றது, சாப்பாடு மட்டும் கூடியிருக்கிறது. என் அவசரத்தின் பலன் ஆடி மாதம் வந்தது, வெள்ளைச்சிக்கு நாலு குட்டி, இரண்டு அச்சொட்டாகக் கறுவா நிறம். சீவரத்தினம் அண்ணை பனையோலைக் கடகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து, "தம்பி, உம்மடை மருந்து நல்லா வேலை செய்யுது" என்று காட்டிவிட்டுப் போனார். நாலுக்கும் வீடு தேடுவது என் பொறுப்பு, மூன்றுக்குக் கிடைத்துவிட்டது. வெள்ளைச்சியையும் நானே சுன்னாகம் கொண்டு போய்க் குட்டி வராமல் பண்ணுவிக்கிறேன், அவளுடைய இருதயம் நல்லதாம். நாலாவது குட்டியை மீனாம்பிகை அக்காவே வைத்திருக்கிறா. நாய் தொடாத மனிசி மடியில் வைத்துப் பால் தீத்துகிறா.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வேலையால் வந்தால் கேற் அகலத் திறந்து கிடக்கிறது, காலையில் சாத்தாமல் போனவன் நானேதான். கறுவாவின் இடம் வெறுமை. பின்னேர றெயில் கோர்ன் கேட்கிறது. மோட்டார் சைக்கிளை விழ விட்டுவிட்டுப் பாதைக்கு ஓடினேன். விசில் அடிக்கவில்லை, வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் ஓடினேன். றெயில் போய் முடிந்தது, பாதை இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால், பட்டறைக்குள் பழைய பிறிட்ஜ் ஒன்றின் கதவைக் கழற்றி நிலத்தில் போட்டிருந்தேன், அதன் மேல் கால் நாலையும் நீட்டிப் படுத்திருக்கிறான். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், வாலை ஒரு தரம் தட்டினான், திரும்ப நித்திரை. நாள் முழுக்கத் திறந்த கேற், அவன் போகவில்லை மகள். யசிந்தா டொக்டருக்கு உடனே போன் பண்ணிச் சொன்னேன், "கேற்றைச் சாத்துங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகையில் இந்தச் சிப் முடிகிறது, இருதயத்தை ஒரு தரம் கேட்டுவிட்டு அடுத்ததை வைப்பார். முடிய முன்னமே வைத்தால் அந்த முதல் குழப்படி பெரிதாக இராதாம். ஆனாலும் கேற்றுக்குப் பூட்டு வாங்கிவிட்டேன், திறப்பு அம்மாவிடம், என்னிடம் ஒன்றும் இல்லை. உனக்குப் பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள், கோபமென்றால் எழுது, நின்று கேட்பேன். சாப்பாட்டை மிச்சம் பிடிக்கப் பல்கனியில் வைக்காதே, அது பிறிட்ஜ் இல்லை, எல்லாம் உறைந்து பழுதாகும். வழுக்காத சப்பாத்து வாங்கு. மாஸ்டர் திரும்பும்போது அவரிடம் மீனாம்பிகை அக்காவுக்கு ஒரு நல்ல கம்பளிப் போர்வை கொடுத்து விடு, நான் இங்கே என்ன கொடுத்தாலும் வாங்குகிறா இல்லை, நீ அனுப்பினது என்றால் மறுக்கமாட்டா. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னை நல்ல சுகத்தோடு எங்கள் கேற்றடிக்குக் கொண்டு வந்து சேர்ப்பாராக. வரும்போது வெளியில் நின்று கூப்பிடு, திறக்க அம்மா வரவேணும்.

உன்மேல் அன்புள்ள அப்பா,
ஜொனதன்