கல்லீரலை ஏமாற்ற மறுத்த கதை

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான், ஆனால் இந்த வீட்டில் என் வாயிலிருந்து வரும் எதற்கும் இப்போது ஆதாரம் கேட்கிறார்கள். ஆகவே விவரமாக: முழங்கால் நலம், கண் நலம், மேல்வரிசையில் இரண்டு பல் நலமில்லை, அம்மா நலம், என்மேல் மட்டும் கோபம். இரத்தம் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன், 'நல்லா இருக்கேம்பா' என்பாய். ஒரு குழாய் இரத்தம் கொடுத்து, உண்மையில் எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டு எழுது. அதற்குத்தான் இந்தக் கடிதம். இதையே ஃபோனில் நான்கு முறை ஆரம்பித்தேன். நான்கு முறையும் 'மீட்டிங்ல இருக்கேம்பா, அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிட்டாய். அதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்து டிராயரில் போட்டாலும் உள்ளே நான் பேசிக்கொண்டுதான் இருப்பேன்.

விஷயம் இதுதான். எனக்கு இருக்கும் கொலஸ்ட்ரால் வெண்ணெயாலும் முட்டையாலும் மட்டும் வந்ததில்லையாம், பிறவியிலேயே வந்தது. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். கல்லீரல் செல்லின் மேல்பரப்பில் கைகள் மாதிரி ஏற்பிகள் உண்டு. இரத்தத்தில் மிதந்து போகும் கொலஸ்ட்ரால் உருண்டையைப் பிடிக்கும், உள்ளே இழுத்துக்கொண்டு போய் இறக்கும், வெறுங்கையோடு மறுபடி மேலே வரும். ஏறக்குறையப் பத்து நிமிடத்துக்கு ஒரு நடை. டீ குடிக்கக்கூட நிற்பதில்லை. இன்னொரு புரதமும் உண்டாம், உழைத்துவிட்டு மேலே திரும்பவேண்டிய கையைப் பிடித்துக்கொண்டு சரக்கோடு சேர்த்து அழித்துவிடும். எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருந்தார், பதவி உயர்வு வாங்கிக்கொண்டே போனார். அது கிடக்கட்டும். இந்தக் கைகளைச் செய்வதற்கான குறிப்பு எல்லாருக்கும் இரண்டு பிரதி இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. என்னுடையதில் ஒரு பிரதியில் பிழை. ஆகவே பாதிக் கைகள்தான் வேலை செய்கின்றன. அந்தப் பிழை உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், சரிபாதி வாய்ப்பு. என் மூக்கு உனக்கு வந்தது. என் குறட்டை வந்தது, உன் ஹாஸ்டலிலிருந்து புகாரே வந்தது. என்னிடமிருந்து எதையும் விட்டுவைத்த பிள்ளை இல்லை நீ. அதனால்தான் பயம்.

டாக்டரம்மா எனக்கு ஒரு மாத்திரை எழுதினார். அது எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. செல்லுக்குள் ஒரு அளவுமானி இருக்கிறதாம். உள்ளே கொலஸ்ட்ரால் குறைந்தால் அது செய்தி அனுப்பும், புதுக் கைகள் முளைக்கும். உள்ளே போதும் என்று காட்டினால் கைகள் குறையும். வெளியே இரத்தத்தில் வெள்ளமே போனாலும் அதற்குக் கவலையில்லை. செல் தனக்கு வேண்டியதைத் தானும் கொஞ்சம் தயாரித்துக்கொள்ளும், மாத்திரை அந்தத் தயாரிப்பைத் தடுக்கும். உடனே செல் பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்து நிறையக் கைகளை நீட்டும், இரத்தம் சுத்தமாகும். 'அதாவது கல்லீரலை நல்லதுக்கு ஏமாத்தறோம் சார்' என்று சிரித்தார். முப்பத்திரண்டு வருடம் எடை அளவை ஆய்வாளராக இருந்தவனிடம் சொல்லும் வார்த்தையா அது? தராசுத் தட்டின் அடியில் காந்தம் ஒட்டியவனைப் பிடித்தவன் நான். எடைக்கல்லைக் குடைந்து மெழுகு அடைத்தவனைப் பிடித்தவன். என் சொந்த உடம்புக்குள் ஒரு கள்ள அளவா? முடியாது என்று முடிவு செய்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அங்கேதான் தப்பு.

தினமும் காலையில் அம்மா மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவருவாள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்குவேன், தண்ணீரை மட்டும் விழுங்குவேன், மழை வருமா என்று பார்ப்பதுபோல் ஜன்னலுக்குப் போவேன், பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் துப்புவேன். எறிய மனம் வரவில்லை. கல்லீரலிடம் பொய் சொல்லக் கூடாது என்பதற்காக நாற்பத்து மூன்று நாள் உன் அம்மாவிடம் பொய் சொன்னேன். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அப்போது பெருமையாக இருந்தது.

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய் மறுபடி பரிசோதனை. எண் குறையவில்லை, இரண்டு கூடியிருந்தது. டாக்டரம்மா மாத்திரையை இரட்டிப்பாக்கப் பேனாவைத் திறந்தார். திறந்தவர், ஒழுங்காகப் போடுகிறாரா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம். 'என்ன டாக்டர் இப்படிக் கேக்கறீங்க, என் கையால குடுக்கறேன், என் கண்ணு முன்னாடி முழுங்கறார். வேற எதுல வேணும்னாலும் இவரைச் சந்தேகப்படுங்க, பொய் சொல்ல மட்டும் இவருக்கு வராது.' ஒன்றும் அறியாதவளைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்துவிட்டேன். அவள் சுத்தம் செய்யும்போது கண்டுபிடித்துவிடுவாள் என்று கூட்டை எப்போதும் பையிலேயே வைத்திருந்தேன். எடுத்தேன். மேஜையில் கவிழ்த்தேன். பாதி கரைந்தவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை, ஒன்றில் என் மீசை முடி. டாக்டரம்மா பேனா முனையால் எண்ணினார்.

வீடு வந்ததும் அம்மா என்னை விட்டுவிட்டு ஃபிரிட்ஜிடம் பேசினாள். 'சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு அந்த அரிச்சந்திரன்கிட்ட சொல்லு.' நானும் ஃபிரிட்ஜிடமே பதில் சொன்னேன். மூன்று நாள் இப்படி ஓடியது, ஃபிரிட்ஜுக்கு இருக்கும் பொறுமை எனக்கு இல்லை. நான்காம் நாள் என் கொள்கையை அதற்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா தாங்காமல் நேராக என் பக்கம் திரும்பினாள். 'கடை கடையா தொப்பி போட்டுக்கிட்டுப் போய், மளிகை வாங்க வந்தவர் மாதிரி அரைக் கிலோ சர்க்கரை கேப்பீங்களே, அது என்ன? ஆய்வாளர்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா போனீங்க? திருடனைப் பிடிக்க நீங்க வேஷம் போடலாம், உங்க உசிரைக் காப்பாத்த ஒரு மாத்திரை வேஷம் போடக் கூடாதா? வெளிய வெள்ளம் போகுது, உள்ள உக்காந்துக்கிட்டு போதும் போதும்ங்குதே, அதுதான்யா கள்ளத் தராசு! அதுக்குப் போய் முத்திரை குத்திட்டு வந்திருக்கீங்க!' அளவுமானி பொய் சொல்லவில்லை, தன் கடைக்குள் மட்டும் பார்க்கிறது, அவ்வளவுதான் என்று திருத்தம் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மாத்திரையைப் போட்டாள். விழுங்கினேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள், டார்ச் அடித்துப் பார்த்தாள். இப்போது தினமும் அப்படித்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எனக்குக் கடும் பல்வலி என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மூன்று பேர் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

சிரித்துவிட்டாயா? இனி கேள். நான் நேர்மைக்காகத் துப்பவில்லை. எழுத எழுதத்தான் எனக்கே தெரிகிறது. நோயாளி என்ற சொல் என் பெயருக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். கல்லீரல் ஒரு சாக்கு. உன் மீட்டிங் எனக்குப் புரிகிறது என்று சொல்ல வருகிறேன். நீ சோம்பேறித்தனத்தால் தள்ளவில்லை. உன் பெரியப்பா நாற்பத்தாறு வயதில் போனார், மாரடைப்பு என்றார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். அவருக்கு யாரும் இப்படி ஒரு கடிதம் எழுதவில்லை. உனக்கு முப்பத்தொன்று. இப்போதே தெரிந்துகொண்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்கிறார் டாக்டரம்மா.

இந்த வாரமே ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், போய்க் கையை நீட்டு. வெறும் வயிறா என்று முதலிலேயே கேட்டுக்கொள். ரிசல்ட் வந்ததும் 'நார்மல்' என்று எழுதாதே, எண்ணை எழுது. எண் பெரியதாக இருந்தால் அது நீ செய்த தப்பு இல்லை, நான் கொடுத்தது, திட்டலாம், வாங்கிக்கொள்ளத் தயார். முதலில் எனக்குச் சொல், அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுத வந்தேன். வேண்டாம். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம்.

கை எட்டாத தூரம்தான், ஆனாலும் தலையில் கை வைத்து வாழ்த்துகிறேன். ரொம்ப நாள் இரு, சிரித்துக்கொண்டே இரு. மறக்காமல் போ. ஊசி குத்தும்போது வேறு பக்கம் பார்.

என்றும் உன்,
அப்பா