சீலில் இருந்த புள்ளி

ஆகஸ்ட் 14, வியாழன்

மீன்பிடிக்கத் தடை உள்ள தீவுக் கடலுக்குள் படகுகள் நுழைகின்றனவா என்று காட்டிக்கொடுக்கும் கருவியை அரியமங்கலத்தில் எங்கள் பட்டறையில் செய்கிறோம். கருவியைப் படகில் பூட்டி, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சீல் ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டி வருவது முருகேசன் அண்ணன்.

இன்று கருவிகளின் பதிவுகளைப் பார்த்தேன். இரண்டு விசைப்படகுகள் மூன்று இரவுகள் ஒன்றைவிட்டு ஒன்று இரண்டடி தூரம்கூட விலகாமல் போயிருக்கின்றன. கடலில் அது நடக்காது. இரண்டு கருவிகளும் ஒரே படகில் இருந்திருக்கின்றன. அப்படியானால் இன்னொரு படகு எங்கே வலை போட்டது?

சீலைக் கிழிக்காமல் கருவியைக் கழற்ற முடியாது. அந்தப் படகுகளில் ஒன்றிலிருந்து நேற்று அண்ணன் அனுப்பிய போட்டோவில் சீல் முழுசாக இருக்கிறது. சுந்தர் என்று என் பெயரில் கையெழுத்தும் இருக்கிறது, கடைசி எழுத்தில் புள்ளியோடு. நான் புள்ளி வைப்பதே இல்லை.

"அண்ணே, இது நான் போட்டது இல்ல."

"ஏம்ப்பா, கட்டுக் கட்டா கையெழுத்துப் போடுற. ஒண்ணொண்ணும் ஞாபகம் இருக்கா? தூக்கத்துல போட்டிருப்ப."

சிரித்தார். ஆனால் போட்டோவை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

நாளைக் காலை அதிகாரிகளுக்கு அறிக்கை போக வேண்டும். போலி என்று எழுதினால் அண்ணனுக்கு வேலை போய்விடும். எழுதாவிட்டால் அந்தச் சீலுக்கு நான்தான் பொறுப்பு.

போலி என்றே எழுதப்போகிறேன். அதற்கு முன், இந்தப் பக்கத்தின் ஓரத்தில் வேகமாகப் பத்துத் தடவை கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன்.

ஏழாவதில் புள்ளி இருக்கிறது.