உன் அலறலுக்கு அடியில் இருந்த குரல்

என் தங்கமே, தம்பி குமாரு,

உன்னை வெட்டியவர்கள் மூன்று பேர் என்று ஊரே சொன்னது. வாசலில் இன்னொருத்தன் நின்றான் என்று நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். எதிர்க் கடை டீ மாஸ்டர் அவனைப் பார்த்ததாக என்னிடம் சொன்னவர், கோர்ட்டில் கூண்டேறியதும் வாயை மூடிக்கொண்டார். இப்போது அவன் குரல் கிடைத்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அந்த அறிவிப்பைப் பேசாதே என்று எத்தனை தடவை சொன்னேன்? ஆற்று மணலை அள்ளுகிறவர்களை எதிர்த்துக் கூட்டம். சிதம்பரத்தில் வேறு எந்த ரெக்கார்டிங் கடையும் அதைத் தொடவில்லை. நீ மட்டும் சிரித்துக்கொண்டே மைக் முன்னால் உட்கார்ந்தாய். "பொதுமக்களே" என்று நீ ஆரம்பித்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வந்தார்கள். பட்டப்பகல். பஸ் ஸ்டாண்டு முழுக்க ஜனம். கம்ப்யூட்டரை உடைத்தார்கள், உன்னை வெட்டினார்கள், போய்விட்டார்கள். மிக்ஸருக்குப் பக்கத்தில் கிடந்த உன் விரல்களை, அப்புறம் ஓடி வந்த நான்தான் பொறுக்கினேன். அந்தப் பிசுபிசுப்பு இன்னும் என் கையில் இருக்கிறது.

உள்ளங்கை அகல ரெக்கார்டர் மேஜைக்கு அடியில் உருண்டு போய், எல்லாவற்றையும் பதிந்துகொண்டே கிடந்திருக்கிறது. அதை எடுத்தவன் உன் கூட்டாளி அன்வர். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியாதா? பெரிய வேவ் கோப்பாகப் பதிய வேண்டியது, அதை எம்பி3 ஆகச் சுருக்கி ஆட்டோக்காரரின் பென் டிரைவில் போட வேண்டியது, உடனே ரெக்கார்டரின் மெமரி கார்டைத் துடைத்து அடுத்த வேலைக்கு வைக்க வேண்டியது. நீ பிணவறையில் கிடக்கும்போது அவன் கை பழக்கத்தில், வீட்டுக் கம்ப்யூட்டரில் அதையே செய்தது. துடைத்த கார்டில் அடுத்த வேலையும் பதிந்தான். அது உன் சாவு அறிவிப்பு. பேசியது நான். சாவு என்றால் ஊர் சுற்றும் ஆட்டோவில் எப்போதும் என் குரல்தானே?

சுருக்கிய கோப்பு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போனது. நெல்லிக்குப்பம் பஸ்ஸில் ஒருத்தன் அதைச் சத்தமாக வைத்து, பக்கத்தில் இருந்தவனுக்குக் காட்டினான். போனைப் பிடுங்கி ஜன்னல் கம்பியில் அடித்து உடைத்தேன். அவன் மூக்கிலும் ஒரு குத்து விட்டேன். கண்டக்டர் என்னை இறக்கிவிட்டார். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

கடலூர் கோர்ட்டில் அந்த மூன்று பேரின் வக்கீல், "ஒரிஜினல் எங்கே?" என்றார். அன்வர் எம்பி3-யைத் திரும்ப வேவ் ஆக மாற்றிக் கொடுத்திருந்தான். கோப்பு பெரிதாகிவிட்டது, எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தானாம் மடையன்! தடயவியல் அதிகாரி பார்த்ததும் சொல்லிவிட்டார். கோப்பின் அளவு பெருகும், போன ஒலி வராது. பெரிய சத்தம் கேட்கும்போது அதற்கு அடியில் இருக்கும் சின்னச் சத்தம் காதில் விழாது, அதனால் சுருக்கும்போது மென்பொருள் அதை வேண்டாததென்று தள்ளிவிடும் என்றார்.

நீ அலறினாய். அந்த அலறலுக்கு அடியில்தான் அவன் பேசியிருக்கிறான். உன் உயிர் போகிற சத்தமே அவனை மறைத்துவிட்டதா, குமாரு?

கோர்ட் வாசலிலேயே செருப்பைக் கழற்றி அன்வரை அடித்தேன். உதடு கிழிந்தது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

"அடிக்கா, நல்லா அடி. மச்சான கொன்னவன வுட்டுட்டேன் நான்" என்றவன் திடீரென்று என் கையைப் பிடித்தான். "அக்கா, கொஞ்சம் இரு. நீ அறிவிப்பு பேசினியே, அதுக்கப்புறம் அந்த கார்டுல நாம ஒண்ணுமே பதியலியே. கடையே தொறக்கலியே."

"அதான் தொடச்சிட்டியேடா, பாவி."

"தொடச்சா பேருதான்க்கா போவும். மேல வேற எழுதுற வரைக்கும் பழசு அடியிலயே கெடக்கும்."

கோர்ட் மூலமாகக் கார்டு ஆய்வகத்துக்குப் போனது. உன் பதிவின் ஆரம்பத்தை என் அறிவிப்பு தின்றுவிட்டது. சின்ன அறிவிப்பு, அதனால் மிச்சம் தப்பியது. தலை வெட்டுப்பட்ட கோப்பு. ஆனாலும் சுருக்காத ஒலி என்பதால், கிடைத்த இடத்திலிருந்து அப்படியே எடுக்க முடிந்தது என்றார்கள்.

அரசு வக்கீல் அறையில், கார்டில் என் அறிவிப்பு முடிந்து உன் பதிவு தொடங்கும் இடத்தில் ஒரு துண்டு மட்டும் போட்டுக் காட்டினார்கள். "அகால மரணமடைந்தார்" என்று நான் சொல்கிறேன். அடுத்த நொடி நீ அலறுகிறாய். அதற்கு அடியில், கடையில் சாமான் கேட்கிற மாதிரி நிதானமாக ஒரு குரல்: "கைய வுடு. கழுத்துல போடு."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். உன் உடம்பை வீட்டில் கிடத்தியிருந்தபோது ஆள் உயர ரோஜா மாலையோடு வந்து, என் தோளைத் தொட்டு, "அழாதம்மா, நான் இருக்கேன்ல" என்ற மணல் லாரி முதலாளி.

மறுநாள் காலை அப்பாவின் கரும்பு வெட்டும் கொடுவாளைப் பையில் போட்டுக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். பல் துலக்கிக்கொண்டிருந்தான். "வாம்மா, என்னா விஷயம்?" என்றான். அதே நிதானம். குனிந்து வாய் கொப்பளித்தான். கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பைக்குள் என் கை பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது.

வெட்டியிருப்பேன். ஆனால் வெட்டினால் அப்புறம் அந்தக் கோப்பை யார் போட்டுக் கேட்பார்கள்? செத்தவன் நல்லவனாகிவிடுவான், நான் கொலைகாரியாகிவிடுவேன், அந்தக் குரல் மறுபடி அடியிலேயே போய்விடும். "ஒண்ணுமில்ல, இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன், ஆத்திரத்தில்.

அவனைப் பிடித்துவிட்டார்கள். குரல் மாதிரியும் எடுத்துவிட்டார்கள், இரண்டும் ஒத்துப்போகிறதாம். அடுத்த விசாரணையில் முழுப் பதிவையும் போடப் போகிறார்கள். "நீங்க வெளிய இருந்துக்குங்கம்மா, தாங்க மாட்டீங்க" என்கிறார் அரசு வக்கீல். அவர் சொல்வது பொய்யில்லை. இதுவரை நான் உன் அலறலை முழுசாகக் கேட்டதே இல்லை. எங்கே கேட்டாலும் போனை உடைத்திருக்கிறேன், இல்லையென்றால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

இந்தத் தடவை ஓட மாட்டேன், குமாரு. காதைப் பொத்த மாட்டேன், அழ மாட்டேன். நீ அலறி முடிக்கும்வரை முன் வரிசையில் உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இது சத்தியம்.

உன் விரல்களைப் பொறுக்கிய கையால் எழுதும்,
உன் அக்கா.