சுல்தானாவின் இடது காது

கடலூர்,
3-2-1964

அன்பு மகன் டாக்டர் ரஃபியுதீனுக்கு, அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நானும் அத்தாவும் சுகம், உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உன் தங்கச்சி சுல்தானா பேர் வந்ததும் கை நின்றுவிட்டது.

எடின்பரோவில் காது மூக்கு தொண்டைப் படிப்பை முடித்து, அங்கேயே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிறாய் என்று அத்தா கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், மீன்காரரைக்கூட விடவில்லை. நெற்றியில் கண்ணாடி கட்டிக்கொண்டு நீ முதன்முதலில் பார்த்தது சுல்தானாவின் சீழ் வடியும் இடது காதைத்தான். ஊர்க்காதெல்லாம் பார்க்கிறாய், வீட்டுக்காது அப்படியே கிடக்கிறது. கப்பலேறும் முன் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று எவ்வளவோ கெஞ்சினாய், காதுக்குப் பின்னால் தழும்பு விழுந்தால் யார் கட்டுவார்கள் என்று அத்தா மறுத்துவிட்டார்.

இப்போது சிதம்பரத்தில் சம்பந்தம் முடிவாகி, பெருநாள் கழிந்து நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்த அன்று சீழ் வாடை தெரியாதிருக்க அத்தர்ப் பஞ்சைக் காதில் இறுக வைத்தோம், நம்மவர் காதில் அத்தர்ப் பஞ்சைப் பார்த்து யார் சந்தேகப்படப் போகிறார்கள். வருங்கால மாமியார் நல்ல வாசனை என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். நோன்பு பிறந்ததும், காதில் மருந்து விட்டால் நோன்பு முறியும் என்று நீ கொடுத்த சொட்டு மருந்தையும் சுல்தானா நிறுத்திவிட்டாள். போன வாரம் சீழ் திடீரென்று நின்றது. துஆ பலித்தது என்று அத்தாவுக்குச் சந்தோஷம், நான் மட்டும் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சீழ் நின்னு தலைவலி வந்தா ஒரு நாள்கூட தள்ளாதீங்கம்மா, மூளைக்கு ஏறிடும் என்று நீ புறப்படும்போது சொன்னதை மறக்கவில்லை. தலைவலி வந்துவிட்டது தம்பி. வெறும் வயிற்றில் வாந்தி. நேற்று நோன்பு திறக்கக் கஞ்சி கொடுத்தால் வாயின் ஓரமாக வழிகிறது, முகம் ஒரு பக்கமாக இழுக்கிறது. அத்தாவிடம் சொன்னால், நோம்புல தலை வலிக்கத்தான் செய்யும், ஆஸ்பத்திரிக்குப் போனா சிதம்பரத்துக்குச் சேதி போயிடாதா என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. காலையிலிருந்து அவள் தூங்கிக்கொண்டே இருக்கிறாள்.

ஆகவே இதைக் கண்டதும் அத்தா பேருக்குத் தந்தி அடி. என் பேச்சு எடுபடாது, டாக்டர் சொன்னால் கேட்பார். அங்கே குளிர் ஜாஸ்தி, தலையை மூடாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கைராசியையும் கொடுப்பானாக.

இப்படிக்கு
உன் அம்மா
சலீமா பீவி

கவரை ஒட்டும் முன் எழுதுவது: சுல்தானாவை உலுக்கி எழுப்பி, அண்ணனுக்கு ஸலாம் எழுதட்டுமா என்று கேட்டேன். எந்த அண்ணனுக்கு என்று கேட்கிறாள். உன்னைத் தவிர அவளுக்கு யார் அண்ணன். தந்திக்குக் காத்திருக்கப் போவதில்லை, அத்தா கடையிலிருந்து வரட்டும் என்றும் இல்லை. ஜட்கா ஓட்டும் பழனிவேலின் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.