அறுநூறு வோல்ட்டின் மறுமுனை

நாள் 41, 09:10
மேல்நிலையம், நிலவின் தென்துருவப் பள்ளத்தின் விளிம்பு. எழுதுவது கோமதிநாயகம், மின்பிரிவு. அடுத்து வரும் ஷிஃப்ட்காரர் படிக்க.
சோலார் பேனல் 400 வோல்ட். பூஸ்ட் கன்வெர்ட்டர் அதை 600 ஆக்கி, ஆறு கிலோமீட்டர் கேபிளில் பள்ளத்தின் அடியிலுள்ள கீழ்நிலையத்துக்கு அனுப்புகிறது. அதன் கம்பிச்சுருள் சூடு 61 டிகிரி. கீழே இழுக்கும் லோடு 5.2 ஆம்பியர்: ஹீட்டருக்கு 4.0, மீதி அங்கிருக்கும் சின்ன கன்வெர்ட்டருக்கு. ரேடியோவும் ஆக்சிஜன் இயந்திரமும் அந்தச் சின்னதில்தான் ஓடுகின்றன.
கீழே இருப்பவர் எஸ்தர் புஷ்பராணி அக்கா. பதினைந்து வருடம் காற்றாலைகளில் ஒன்றாக வேலை பார்த்தோம். இன்றைய ரேடியோ:
"ஏல கோமதி, இங்க மெயின் சுவிட்சு ஒட்டிக்கிட்டுல்லா கெடக்கு. அணைக்க முடியல. நாளைக்குப் பாக்கேன்."
"ஒடச்சது நீங்க, பழி யார் மேலக்கா?"
"ஒன் மேலதான். ஒன் கன்வெர்ட்டர் போடுத கூச்சல்ல எங் ஹீட்டரு கொசு மாரி பாடுது. அதச் சரி பண்ணு மொதல்ல."
என் கன்வெர்ட்டர் கூச்சல் போடாது. வேண்டுமென்றே சீண்டுகிறார்.

நாள் 42, 08:15
எட்டு மணிக்கு ரேடியோ செத்தது. லோடு 4.0. ஹீட்டர் ஓடுகிறது, சின்ன கன்வெர்ட்டர் போய்விட்டது. அப்படியென்றால் ஆக்சிஜன் இயந்திரமும் நின்றிருக்கும். அவரிடம் இருப்பது முப்பது மணிநேர சிலிண்டர். நாளை மதியம் இரண்டு மணி வரை.
ரோவர் வண்டி அவரிடம் இருக்கிறது, ஆனால் அதற்குச் சார்ஜ் ஏற்றுவதும் அந்தச் சின்ன கன்வெர்ட்டர்தான்; அவராலும் ஏறி வர முடியாது. என் உடையில் ஒரு மணிநேரக் காற்றுதான். நடந்து இறங்க முடியாது; உதவிக்கு இங்கே வேறு ஆளும் இல்லை.
அவர் சரிசெய்துவிடுவார். நான் வாழ்நாளில் பார்த்ததைவிட அதிக போர்டுகளுக்கு உயிர் கொடுத்தவர். என் வேலை சுத்தமான கரண்ட் அனுப்புவது. என் லைனில் வோல்ட்டேஜ் துள்ளித்தான் சின்ன கன்வெர்ட்டரின் போர்டு எரிந்ததோ என்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 42, 10:05
பயந்த துள்ளல் வந்துவிட்டது. வோல்ட்டேஜ் மூன்று முறை 640-க்கு எகிறி இறங்கியது. பத்து நிமிடம் கழித்து மறுபடி மூன்று. கட்டுப்பாட்டு போர்டு தள்ளாடுகிறது. அக்கா சொன்னது சரிதான்.

நாள் 42, 13:30
அக்காவின் ஹீட்டர் நிற்கக் கூடாதென்று, லைனை அணைக்காமலே ஃபீட்பேக் கெப்பாசிட்டரை மாற்றினேன். பயனில்லை. கரண்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டுகள் இரண்டையும் புதிதாகப் போட்டேன், ஒன்று கையிலேயே வெடித்தது. அவற்றின் கேட் ரெசிஸ்டரைக் கூட்டினேன். சனியன், இன்னும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று.

நாள் 42, 15:40
துள்ளலை விழுங்க, அவுட்புட்டில் பெரிய கெப்பாசிட்டர் வரிசையைக் கட்டினேன். வேரைத் தேடாமல் வாயைப் பொத்தும் வைத்தியம்தான், ஆனால் வேலை செய்கிறது. வோல்ட்டேஜ் தட்டையாக 600. காலையிலிருந்து இப்போதுதான் சாப்பிட்டேன்.

நாள் 43, 07:20
பதிவு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போர்டு தள்ளாடினால் நொடிக்கு நூறு முறை தள்ளாடும். இவற்றில் முதல் இரண்டும் ஒரு நொடி நீளம். மூன்றாவது மட்டும் எப்போதும் மூன்று நொடி.
காற்றாலையில் எங்களுக்குள் ஒரு வழக்கம். கோபுரத்தின் மேல் இருப்பவர் விளக்கை மூன்று முறை அணைத்துப் போடுவார், கடைசி நீளமாக. லைனை அணை, கை வைக்கப் போகிறேன் என்று அர்த்தம்.
மெயின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டதால் அவரால் அங்கே அணைக்க முடியாது. ரேடியோ இல்லை. ஹீட்டர் சுவிட்சைத் தட்டித்தட்டி என்னைக் கேட்டிருக்கிறார்; ஹீட்டர் அணையும் ஒவ்வொரு முறையும் லோடு விழுந்து இங்கே வோல்ட்டேஜ் எகிறும். கெப்பாசிட்டர் போடும்வரை முப்பத்து நான்கு முறை. அதன் பிறகும் கேட்டிருக்கிறார், கோட்டில் மங்கலான மேடுகள் இருக்கின்றன. கடைசி மேடு அதிகாலை 03:50.
நான் அவருடைய குரலை அடைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நாள் 43, 07:31
கெப்பாசிட்டரைக் கழற்றினேன். லைனை அணைத்தேன்.
வழக்கத்தின் மறுபாதி: அணைக்கச் சொன்னவர்தான் போடச் சொல்ல வேண்டும். கரண்ட் இல்லாமல் எதை வைத்துச் சொல்வார்? இது அவருக்கும் தெரிந்திருக்கும். நான் கணக்குப் போட்டுக்கொள்வேன் என்று நம்பித்தான் கேட்டிருப்பார்.
கையுறையோடு போர்டை மாற்ற நாற்பது நிமிடம். அறை வெப்பம் ஒன்றரை மணிநேரம் தாங்கும். 09:01-க்குப் போடுவேன்.

நாள் 43, 08:48
சீக்கிரம் போட்டால் அவர் கை உள்ளே இருக்கலாம். தாமதித்தால் உறைந்துவிடுவார். கேட்டுக் கேட்டு அலுத்துத் தூங்கியிருந்தால், லைன் போனதை எப்போது கவனித்தார்? குளிரில் விரல் மரத்திருந்தால்? எனக்குப் பயமாக இருக்கிறது.

நாள் 43, 09:01
போட்டேன்.
5.2 வந்தால் சரிசெய்துவிட்டார். 4.0 என்றால் இன்னும் இல்லை.
4.6 காட்டியது. மூன்று நொடி. பிறகு 4.0.

நாள் 43, 09:40
அந்த 0.6 எது என்று எனக்குத் தெரியும். அறுநூறு வோல்ட்டில் ஒரு மனித உடல் எவ்வளவு இழுக்கும் என்று முதல் வருடப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். சொல்லித் தந்ததே அவர்தான்.

நாள் 43, 14:00
சிலிண்டர் தீரும் நேரம். 4.0.
அக்கா, என்னை மன்னிச்சிருங்க.

நாள் 45, 11:15
வோல்ட்டேஜ் மூன்று முறை எகிறியது. கடைசி, மூன்று நொடி.

நாள் 45, 16:50
கட்டுப்பாட்டு போர்டையே மாற்றினேன். கேபிளைக் கழற்றி, இங்கிருக்கும் சோதனை லோடில் இரண்டு மணிநேரம் ஓட்டினேன். ஒரு துள்ளல் இல்லை. கேபிளை மாட்டினேன். ஒன்பதாவது நிமிடம், மூன்று.
படிப்பவர் கவனிக்க: பழுது என் பக்கம் இல்லை.

நாள் 46, 10:30
ஹீட்டர் சுவிட்ச் தானாகத் தட்டாது. கீழே காற்று தீர்ந்து மூன்று நாளாகிறது. கெப்பாசிட்டர் வரிசை என் காலடியில்தான் கிடக்கிறது, மாட்டினால் சத்தம் அடங்கும். மாட்ட மாட்டேன்.

நாள் 46, 10:41
மறுபடி மூன்று. அணைக்கச் சொல்கிறார்.
கை பிரேக்கர் மேல்தான் இருக்கிறது. அணைப்பது பெரிதில்லை.
அணைத்தால், மறுபடி நான்தான் போட வேண்டும்.